வார்டில் முதல் வாரம்: தொற்றைக் கடத்தாமல் வேலை செய்யும் வழி

நர்சிங் முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், லேப் டெக்னீஷியன்கள், வார்டில் புதிதாகப் போடப்பட்டிருக்கும் துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் நான். வார்டு வார்டாக நடந்து யார் கை எங்கே போகிறது என்று பார்ப்பதே என் வேலை. புதிதாக வருகிறவர்களிடம் கேள்வி கேட்டால் பெரும்பாலும் சரியாகவே பதில் சொல்கிறார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள், கழிவுப் பைகளின் நிறங்கள் எல்லாம் மனப்பாடம். அப்புறம் அதே ஆள் ஒரே க்ளவுஸோடு மூன்று பேருக்குச் சுகர் பார்த்துக்கொண்டே போவார். ஒரு வார்டு முழுக்க இரண்டு பேராக ஓடும்போது படித்தது நினைவுக்கு வராது, பழகிய கைதான் வேலை செய்யும். அதனால் கையை முதல் வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

சேருவதற்கு முன்: ஹெபடைடிஸ் பி

எல்லாரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி உள்ள ரத்தத்தால் அதே விபத்து நடந்தால் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். இவ்வளவு ஆபத்தான இதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது என்பதுதான் ஆறுதல்.

மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. பலர் இரண்டோடு மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். குறைவாக இருந்தால் மறுபடி ஒரு சுற்று போடுவார்கள். முடிவுத் தாளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஊசி குத்திய அன்று முதல் கேள்வியே அதுதான்.

காசு யார் கொடுப்பது? கழிவைக் கையாளும் ஊழியர்கள் உட்பட எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். கேட்கத் தயங்காதீர்கள்.

ட்யூட்டிக்கு வரும்போது

முழங்கைக்குக் கீழே ஒன்றும் வேண்டாம். மோதிரம், வளையல், வாட்ச், அப்புறம் கோயிலில் கட்டிவிட்ட கயிறு. இந்தக் கயிற்றைப் பற்றிப் பேசும்போது சிலருக்கு மனம் கஷ்டப்படும், எனக்கும் தெரியும். நாள் முழுக்க ஈரத்திலேயே இருக்கும் நூல் அது, எவ்வளவு தேய்த்தாலும் சுத்தமாகாது. கழுத்திலோ புஜத்திலோ கட்டிக்கொள்ளுங்கள். நகம் சதைக்கு மேல் வளரக் கூடாது, பாலிஷும் கூடாது. யூனிஃபார்மை வந்து மாட்டிக்கொண்டு, கழற்றிவிட்டுப் போங்கள். அதோடு பஸ்ஸில் ஏறி, வழியில் காய்கறி வாங்கி, வீட்டில் குழந்தையைத் தூக்குவது வேண்டாம்.

போன்தான் பெரிய தொல்லை. க்ளவுஸ் போட்ட கையால் எடுத்துப் பேசி, அதே போனைச் சாப்பிடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். ரிங் சத்தத்தை அணைத்து லாக்கரில் வைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஷிப்ட் முடிந்ததும் ஆல்கஹால் துடைப்பானால் துடையுங்கள்.

கை

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து தருணங்கள் உங்களுக்குத் தெரியும்: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செய்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின். இதில் விடுபடுவது எப்போதும் முதலாவதும் கடைசியும்தான். நமக்கு ஏதாவது ஒட்டிவிடுமோ என்ற பயத்தில் வேலை முடிந்ததும் கை தானாகக் குழாயைத் தேடிப் போகும். நோயாளிக்கு நாம் எதையாவது கொடுத்துவிடுவோமோ என்ற பயம் அவ்வளவு எளிதில் வராது. கட்டில் கம்பியைத் தொட்டால் கை அழுக்கு என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை. ஆனால் ஐ.சி.யு.வில் அதிகம் படுத்தும் அசினெட்டோபாக்டர் என்ற கிருமி காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் இருக்கும். மானிட்டர் பொத்தான், இன்ஃப்யூஷன் பம்ப், கட்டில் கம்பி, கேஸ் ஷீட் அட்டை எல்லாமே அதற்கு இடம்.

இதைப் பழக்கமாக்க ஒரு வழி: ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்). நடுவில் ஊசி, டிரஸ்ஸிங், வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஐ.வி. ஊசிக்குழாய்) என்று ஏதாவது செய்தால் அதற்கு முன்பும் பின்பும். எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, கோட்டைத் தாண்டினால் கை நனைய வேண்டும். வார்டில் பிராண்ட் எதுவானாலும் எல்லாரும் ஸ்டெரிலியம் என்றுதான் சொல்வார்கள். அந்த பாட்டில் கட்டிலின் கால்மாட்டில் தொங்க வேண்டும். நர்ஸ் ஸ்டேஷன் மேசையில் இருந்தால் அது வெறும் அலங்காரம். உங்கள் வார்டில் அப்படி இருந்தால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு முதல் நாளே மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றம் பத்து போஸ்டர் ஒட்டுவதைவிடப் பயன் தரும் என்பது என் அனுபவம்.

உள்ளங்கை நிறைய எடுத்து, 20 முதல் 30 நொடி, கை காயும்வரை தேய்க்க வேண்டும். கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் எல்லாருக்கும் விட்டுப்போகும் இடம். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ இருந்தால் ஹேண்ட் ரப் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். அதற்கு 40 முதல் 60 நொடி. வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்ட பிறகும் அப்படித்தான், சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்கு அசைந்து கொடுக்காது. கழுவிய கையை எல்லாருக்கும் பொதுவாகத் தொங்கும் துண்டில் துடைத்தால் கழுவியதே வீண்.

க்ளவுஸ்

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்: வார்டில் தொற்றைப் பரப்புவதில் க்ளவுஸுக்குப் பெரிய பங்கு உண்டு. போட்டதும் நம் கை பத்திரம் என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியில் கதவைத் திறக்கிறோம், மூக்குக் கண்ணாடியைச் சரி செய்கிறோம், அடுத்த கட்டிலுக்கும் போய்விடுகிறோம். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. ஒரே நோயாளியிடமும் அழுக்கு வேலையிலிருந்து சுத்தமான வேலைக்குப் போனால் வேறு ஜோடி. க்ளவுஸ் மேலேயே ஸ்டெரிலியம் தேய்ப்பது கூடாது. கழற்றியதும் கை சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம், கழற்றும்போதே கையில் பட்டிருக்கவும் கூடும்.

ரத்தம், சிறுநீர், மலம், சளி, புண் இவற்றில் கை படும் என்றால் க்ளவுஸ். பி.பி. பார்க்கவும் சாப்பாட்டுத் தட்டு நகர்த்தவும் வேண்டாம்.

"இந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா, டபுள் க்ளவுஸ் போடவா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பார்த்த ரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. அந்த நோய் இங்கே வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. முகத்தைப் பார்த்து ரத்தத்தை எடைபோட முடியாது. பரிசோதனையில் தெரியாத ஆரம்ப நாட்களும் உண்டு. எனவே எல்லா ரத்தத்தையும் ஒரே மாதிரி கையாளுங்கள், கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் அடையாளம் போடும் பழக்கமும் வேண்டாம். அது நோயாளியை அவமானப்படுத்தும், அடையாளம் இல்லாத ஷீட்டைப் பார்த்து நம்மையும் அசட்டையாக்கும்.

ஊசி, வென்ஃப்ளான், யூரோ பேக்

வார்டுக்குள் நான் முதலில் பார்ப்பது மருந்து தயாரிக்கும் மேசையை. அங்கே என்.எஸ். (உப்புக் கரைசல்) பாட்டில் ஒன்று, அதன் ரப்பர் மூடியில் ஒரு ஊசி குத்தியபடியே இருக்கும். ஷிப்ட் முழுக்க எல்லாரும் அதிலிருந்து ஐ.வி. குழாயை அலசும் ஃப்ளஷ் எடுப்பார்கள். அந்த ஊசி, பாட்டிலுக்குள் கிருமி போகத் திறந்து வைத்த வாசல். ஒருவருக்கு எடுத்த சிரிஞ்சால் மறுபடி அதில் எடுத்தால் ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகவும் வழி உண்டு. ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சைப் பயன்படுத்துவதும் அதே தவறுதான், ரத்தம் சிரிஞ்சுக்குள்ளும் ஏறியிருக்கும். ஒரு ஊசி, ஒரு சிரிஞ்ச், ஒரு தடவை. பல டோஸ் உள்ள வயலாக (சிறு மருந்து பாட்டில்) இருந்தால் திறந்த தேதியை எழுதி, ஒவ்வொரு தடவையும் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, புது ஊசி புது சிரிஞ்சால் எடுங்கள்.

காலையில் ஒரு டப்பா நிறையப் பஞ்சை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, இரவுவரை ஆளாளுக்குக் கைவிட்டு எடுப்பதும் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பஞ்சு அசுத்தமாகிவிடும். தேவையானபோது தேவையான அளவு நனைத்துக்கொள்ளுங்கள். தோலைத் துடைத்த பின் ஸ்பிரிட் காய வேண்டும். காய்ந்த இடத்தில் "வெய்ன் எங்கே" என்று மறுபடி விரல் வைத்துத் தடவினால் துடைத்ததற்கு அர்த்தமே இல்லை.

வென்ஃப்ளான் போட்டதும் தேதி, நேரம் எழுதுங்கள். மருந்து போடும் முன் த்ரீ-வே (குழாயில் மருந்து செலுத்தும் இணைப்பு) வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 நொடி அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த இடம் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, வலிக்கிறதா என்று பாருங்கள். மாத்திரைக்கு மாறிய நோயாளிக்கு வென்ஃப்ளான் இன்னும் ஏன் இருக்கிறது என்று ரவுண்ட்ஸில் கேளுங்கள். சிறுநீர் வடிக்கும் ஃபோலிஸ் கதீட்டருக்கும் இதே கேள்விதான். தேவையில்லாத குழாயை எடுப்பதைவிடச் சிறந்த தடுப்பு எதுவும் இல்லை.

சிறுநீர் சேரும் யூரோ பேக் எப்போதும் நோயாளியின் மூத்திரப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையைத் தொடவும் கூடாது. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்று மேல் வைத்துவிடுகிறார்கள். பையில் கிடந்த சிறுநீர் அப்படியே திரும்பி உள்ளே போகும். கிளம்பும் முன் பையைக் காலி செய்து, ஸ்ட்ரெச்சர் கம்பியில் கீழே மாட்டுங்கள். வார்டு முழுக்க ஒரே ஜக்கில் சிறுநீர் பிடிப்பதையும் நிறுத்துங்கள். பை வாய் ஜக்கில் படும், அங்கிருந்து அடுத்தவர் பைக்குப் போகும்.

கழிவு: கையில் இருக்கும்போதே முடிவு

ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, மாஸ்க், உடல் பாகங்கள், காலாவதியான மருந்து மஞ்சளில். ஐ.வி. செட், கதீட்டர், யூரோ பேக், ஊசி இல்லாத சிரிஞ்ச், க்ளவுஸ் என்று ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் சிவப்பில். ஊசி, பிளேடு, கூர்மையான எதுவும் குத்தினாலும் துளையாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி வயல், ஆம்பியூல் நீலப் பெட்டியில். சாப்பாடு, காகிதம் பொதுக் குப்பையில். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

நிறம் மாறிப்போனால் முதலில் அடிபடுவது பையைத் தூக்குகிறவர். மஞ்சள் பைக்குள் போன ஊசி அவர் தொடையில்தான் குத்தும். அவருக்கு எந்த நோயாளியின் ஊசி என்றுகூடத் தெரியாது. எனவே ஊசியைப் போட்டவரே, அந்த இடத்திலேயே, உடனே டப்பாவில் போட வேண்டும். கிட்னி ட்ரேயில் வைத்துவிட்டு "ஆயாம்மா எடுத்துப்பாங்க" என்று போகாதீர்கள். ஊசியின் மூடியை மறுபடி மாட்டக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் மூடியை மேசையில் படுக்க வைத்து ஒரு கையால் மட்டும் ஊசியால் கோத்து எடுங்கள். டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் அதை மூடிவிட்டு வேறு டப்பா வையுங்கள், நிறைந்த டப்பாவில் அமுக்கி நுழைக்கும்போதுதான் பலருக்குக் குத்துகிறது.

ரத்தம் சிந்தினால்

1. ஆட்களை விலக்குங்கள். க்ளவுஸ், மாஸ்க், ஏப்ரன் போடுங்கள்.
2. கண்ணாடித் துண்டு இருந்தால் இடுக்கியால் அல்லது அட்டையால் எடுத்து நீலப் பெட்டியில் போடுங்கள், கையால் வேண்டாம்.
3. உறிஞ்சும் காகிதத்தையோ துணியையோ மேலே போட்டு மூடுங்கள்.
4. 1 சதவீத ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றி, குறைந்தது பத்து நிமிடம் விடுங்கள். உங்கள் மருத்துவமனை நடைமுறையில் அதிகம் சொல்லியிருந்தால் அதன்படி.
5. ரத்தம் உறிஞ்சிய காகிதத்தையும் துணியையும் மஞ்சள் பையில் போட்டு, இடத்தைத் துடைத்து, க்ளவுஸ் கழற்றிக் கை கழுவுங்கள்.

ஹைப்போ கலக்கும்போது கேனில் எத்தனை சதவீதம் என்று படியுங்கள். 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர், 10 சதவீதம் என்றால் ஒன்பது பங்கு. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வெயிலும் வெளிச்சமும் பட்டால் வீரியம் போய்விடும். ஆசிட்டோடு எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். நிறையச் சிறுநீர் கிடக்கும் இடத்திலும் நேராக ஊற்றாமல் முதலில் துடைத்து எடுத்துவிடுங்கள். வார்டுக்குள் சீமாறு போட்டுக் கூட்டுவது வேண்டாம். தூசி எழும்பி, கூடவே கிருமியும் எழும்பும். ஈர மாப், சுத்தமான பகுதியிலிருந்து அழுக்கான பகுதி நோக்கி.

இருமிக்கொண்டு வருகிறவர்

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு பகுதியில் நிபா வைரஸ் பரவியபோது, தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது மருத்துவமனையில்தான் தொற்றியது. பேராம்பரா தாலுகா மருத்துவமனையில் பணிபுரிந்த நர்ஸ் லினி அந்த மாதமே இறந்துபோனார். முதல் நோயாளி வந்தபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. நோயின் பெயர் தெரிந்த பிறகு மாஸ்க் போடுவது தாமதம். காய்ச்சலும் இருமலுமாக யார் வந்தாலும் முதலில் அவருக்கு ஒரு மாஸ்க் கொடுங்கள், வரிசையிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோயை நினைக்க வேண்டும். அப்போது அவருக்குச் சாதாரண மாஸ்க், உங்களுக்கு என்95.

என்95இல் இரண்டு பட்டையும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மூக்குக் கம்பியை அழுத்தி, ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் பொருந்தவே பொருந்தாது. ஜன்னலும் ஒரு தற்காப்புதான். பழைய கட்டடங்களின் உயரக் கூரையும் எதிரெதிர் ஜன்னலும் நிறையக் காப்பாற்றியிருக்கின்றன, ஏ.சி. வைத்து அடைத்த அறைகளில் அந்த வசதி போய்விட்டது. கழற்றும்போது அழுக்கானது முதலில், மூச்சைக் காப்பது கடைசியில்: க்ளவுஸ், கண்ணாடி, கவுன், அறைக்கு வெளியே வந்து மாஸ்க். அப்புறம் கை.

கூட இருக்கும் சொந்தக்காரர்களை மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் பெட்பான் வைப்பதும் சளி துடைப்பதும் பாதி அவர்கள்தான். அட்மிஷன் அன்றே கட்டில் பாட்டிலைக் காட்டி, "அம்மா, அவரைத் தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இதைத் தேய்ச்சுக்கோங்க, பக்கத்து பெட்டுக்குப் போய் உதவ வேணாம்" என்று சொல்லிவிடுங்கள்.

ஊசி குத்திவிட்டால்

பதற்றத்தில் விரலைப் பிதுக்குவார்கள், வாயில் வைப்பார்கள், ஸ்பிரிட்டோ ஹைப்போவோ ஊற்றுவார்கள். எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீராலோ என்.எஸ்.ஸாலோ நன்றாக அலசுங்கள். வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு இன்சார்ஜிடம் சொல்லி நேராக கேஷுவல்டிக்குப் போங்கள். ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தேவை என்று டாக்டர் சொன்னால் முதல் டோஸை உடனே போட்டுக்கொள்ளுங்கள், மற்ற முடிவுகள் அப்புறம் வரட்டும். மருந்து 28 நாள். நடுவில் வயிற்றைப் புரட்டினாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர், போட்டும் எதிர்ப்புச் சக்தி வராதவர் என்றால் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புச் சக்தியைத் தயாராகவே தரும் ஊசி) தேவைப்படலாம். ஹெபடைடிஸ் சி.க்கு முன்தடுப்பு மருந்து இல்லை, அதனால் ரத்தப் பரிசோதனையைத் தொடர வேண்டும், தொற்றியிருந்தால் குணப்படுத்தும் மாத்திரை இருக்கிறது.

அன்றே பதிவேட்டில் எழுதுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்கிறவர்கள்தான் அதிகம். மறைத்தால் மருந்தும் போச்சு, பின்னால் ஏதாவது வந்தால் வேலையில் வந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, இந்தத் தடுப்பு மருந்தைத் தருவது மருத்துவமனையின் பொறுப்பு. நோயாளியைப் பரிசோதிக்க அவர் சம்மதம் வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அவருக்குத் தெரியாமல் ரத்தம் அனுப்பாதீர்கள்.

பெரியவர்களிடம் சொல்வது

சீனியர் டாக்டர் கை சுத்தம் செய்யாமல் டிரஸ்ஸிங்கைப் பிரிக்கிறார். நேற்று சேர்ந்த நீங்கள் என்ன செய்வது? சட்டம் பேசினால் அன்றைய நாள் கெட்டுப்போகும். ரவுண்ட்ஸ் ட்ராலியில் முதல் பொருளாக ஹேண்ட் ரப்பை வைத்து, "சார், ஸ்டெரிலியம்" என்று அவர் கைப் பக்கம் நீட்டுங்கள். பெரும்பாலோர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். தொடர்ந்து மறுக்கும் ஆள் என்றால் அது உங்கள் சண்டை இல்லை, தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் சொல்லுங்கள். நாங்கள் இருப்பதே அதற்குத்தான். தணிக்கை வரும் நாளில் மட்டும் பாட்டில் நிரம்பி, மறுநாள் காலியாகக் கிடந்தால் அதையும் சொல்லுங்கள்.

உங்களுக்கே உடம்பு சரியில்லை என்றால்

ஆள் பற்றாக்குறையில் காய்ச்சலோடு வேலைக்கு வருவதைச் சிலர் கடமையுணர்ச்சி என்று பாராட்டுவார்கள். குறைப்பிரசவக் குழந்தைகள் இருக்கும் வார்டில் அது ஆபத்து. மெட்ராஸ் ஐ வந்தால் நீர் வடிவது நிற்கும்வரை வராதீர்கள். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆக வேண்டும். அம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு விட வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, மேலே க்ளவுஸ் போடுங்கள். லீவு சொல்வதை முந்தின ஷிப்டிலேயே சொன்னால், இன்சார்ஜ் வேறு ஆளைப் போட நேரம் கிடைக்கும்.